ஒரு காம்பராவை விட்டுவையுங்கள்: இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டக் கோயில் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கமிட்டித் தலைவர்மாருக்கும், செயலாளர் பொருளாளர்மாருக்கும், திருவிழா வந்தால் விடிய விடியத் தோரணம் கட்டும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

இதை அமைச்சருக்கு எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கம்பனிகளுக்கு எழுது என்பார்கள் வேறு சிலர். அமைச்சுக்குப் போகும் கடிதத்துக்கு இலக்கம் போட்டு ஒரு கோப்பில் வைப்பார்கள், அதோடு சரி. உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. சம்பளம் வாங்காமல், தலைமுறை தலைமுறையாக, ஒரு பொதுக் காரியத்தைத் தோட்டத்துக்குள் நடத்திக்கொண்டு வருவது நீங்கள்தான். தொழிற்சங்கங்கள் உடைந்தன, சேர்ந்தன, மறுபடி உடைந்தன. தோட்டங்கள் வெள்ளைக்காரனிடமிருந்து அரசுக்கும், 1992-க்குப் பிறகு அரசிடமிருந்து கம்பனிகளுக்கும் கைமாறின. கமிட்டிக்குள்ளும் சண்டை வரும்தான். மைக் செட் யாரிடம் பிடிப்பது என்று தொடங்கிய தகராறில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன கதை எல்லாத் தோட்டத்திலும் ஒன்று இருக்கும். ஆனாலும் திருவிழா நின்றதில்லை. தேர் இழுக்க ஆள் வராமல் போனதில்லை.

கேட்க வந்தது இதுதான். புது வீடு கட்டிக் குடியேறிய பிறகு, தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளான பழைய லயத்தை இடிக்க வருவார்கள். அப்போது ஒரு காம்பராவை, ஒரே ஓர் அறையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். அதை உங்கள் பொறுப்பில் எடுத்து, தோட்டத்து ஆட்களின் நூதனசாலையாக, அருங்காட்சியகமாக வையுங்கள்.

இது நானாகக் கற்பனை செய்ததல்ல. கம்பளைக்குப் பக்கத்தில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், ஒரு பழைய லயம் நூதனசாலையாக நிற்கிறது. கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007-ல் திறந்தது. தேயிலைத் தொழிலாளர்களுக்கென்று ஒரு நூதனசாலையும் ஆவணக் காப்பகமும். தொழிலாளர் புழங்கிய சாமான்களையும் வேலைக் கருவிகளையும் பழைய காகிதங்களையும் படங்களையும், அவர்கள் குடியிருந்த மாதிரியான காம்பராவுக்குள்ளேயே பார்க்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று வைத்த சாமான் வேறு, கூரை தாழ்ந்த காம்பராவுக்குள் குனிந்து நுழைந்து பார்க்கும் சாமான் வேறு.

அந்த நூதனசாலை கம்பளையில் அமைந்தது பொருத்தம்தான். ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் 1820-களின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டம் போட்ட சிங்கபிட்டிய அதே கம்பளைப் பக்கம்தான். நம் ஆட்கள் வந்த கதையும் அந்தக் கோப்பியோடுதான் தொடங்குகிறது. இராமநாதபுரத்துக் கரையில் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ள தாண்டி மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. கோப்பிப் பருவம் முடிந்தால் பெரும்பாலோர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869-ல் கோப்பி இலையில் துரு நோய் வந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். பெண்களும் குடும்பம் குடும்பமாக வந்து நிலைத்தது அதற்குப் பிறகுதான். லயங்கள் நீண்டதும், மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழும்பியதும், உங்கள் கமிட்டி பிறந்ததும் எல்லாம் அந்த ஒரு நோயின் பின்விளைவு என்று சொன்னால் மிகையாகாது.

கண்டியில் இன்னொரு நூதனசாலை இருக்கிறது. ஹந்தானையில், 1925-ல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையை 2001-ல் நூதனசாலையாக்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள் அங்கேதான் பஸ்ஸை நிறுத்துகிறார்கள். அரைக்கும் யந்திரங்கள், உலர்த்தும் யந்திரங்கள், 1867-ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள், மேல்மாடியிலிருந்து கண்டி நகரக் காட்சி. நல்ல இடம்தான், போய்ப் பாருங்கள். டெய்லர் உழைப்பாளி என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டிய கைகள் யாருடையவை? கீழ்மாடியிலிருந்து மேல்மாடி வரை ஏறினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. டெய்லர் எழுதிய கடிதங்கள் தப்பின. அவரிடம் வேலை செய்தவர்களின் சாமான் எதையும் யாரும் எடுத்து வைக்கவில்லை. முன்னோடி யார் என்பதைக் கடைசியில் அலுமாரிதான் தீர்மானிக்கிறது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த 4,000 வீடுகளுக்கு மேலதிகமாக 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியில் (160 பேர்ச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர்) தனி வீடு. மெதுவாக நடக்கிறது, ஒழுங்காக நடக்கவில்லை என்ற குறைகள் இருக்கலாம். அதற்குக் கூட்டம் போட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். லயம் போக வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று தலைமுறை படுத்தெழும்பியதை மரபுரிமை என்று சொல்லிப் பாதுகாக்கக் கேட்கிறவன் அங்கே ஓர் இரவு தங்கிப் பார்க்கட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை நாம் பார்த்தோம். ஆகவே ஆள் குடியிருக்கும் லயத்தை அப்படியே வைக்கச் சொல்லவில்லை. எல்லோரும் வெளியேறிய பிறகு, மண்சரிவு ஆபத்து இல்லாத இடம் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகளிடம் கேட்டு உறுதி செய்த பிறகு, ஒரே ஒரு காம்பரா.

அதையும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. எங்கள் பெரியம்மாவே சொல்வார்: "அந்தச் சனியனை ஏன்டி கட்டிக்கிட்டு அழுவுற, இடிச்சுப் போடுங்க." மழை ஒழுகும் தகரத்துக்குக் கீழே பிள்ளைகளை வளர்த்தவர் அப்படித்தான் சொல்வார். சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் அந்தக் குரல் எழுந்தால் அதை அடக்காதீர்கள். ஆனால் லயத்தை இடிக்கச் சொல்லும் அதே பெரியம்மா, தன் தாயாரின் கொழுந்துக் கூடையை இன்றைக்கும் அட்டுவத்தில், கூரைக்கடிப் பரணில், மூங்கில் உடையாமல் வைத்திருக்கிறார். "எறிஞ்சிடவா?" என்று கேட்டால் அடிக்க வருவார். அந்தக் கூடைக்கு ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

என்னென்ன இருக்கிறது என்று உங்கள் வீடுகளில் பார்த்தால் உங்களுக்கே திகைப்பாக இருக்கும். கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சொரண்டி, கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு, கங்காணிமார் போர்த்திய கறுப்புக் கம்பளி, அரிசி அளந்த கொத்து, ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாகச் சொல்லும் அம்மிக் குழவி, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு, எழுப்ப அடித்த தப்பு மேளம். காமன் கூத்துக்குக் கட்டிய கிரீடமும் மார்பணியும். இவற்றை எல்லாரும் நினைப்பார்கள். காகிதத்தைத்தான் யாரும் நினைப்பதில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதங்கள்தான் நம்முடைய உண்மையான வரலாறு.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆள் திரட்டும்போது எண் பொறித்த தகரச் சில்லு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இன்னார் எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதை அந்தச் சில்லுதான் சொன்னது. மண்டபம் முகாமில் நாட்கணக்கில் வைத்துச் சோதித்துத்தான் ஏற்றினார்கள். 1914-ல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் ரயிலும் கப்பலும் ஓடத் தொடங்கிய பிறகு நடைப் பயணம் முடிந்தது, கடன் முடியவில்லை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டை அடுத்த துரை தீர்த்தால்தான் போகலாம். 1921-ல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். உங்கள் தோட்டத்தில் அப்படியொரு துண்டோ ஒரு தகரச் சில்லோ தப்பியிருந்தால், அது ஹந்தானை யந்திரம் முழுவதையும் விடப் பெரிய சாட்சி.

பிந்திய காலத்துக் காகிதங்கள் இன்னும் அதிகமாக இருக்கும். 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்த பிறகு பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பங்கள், நிராகரித்த கடிதங்கள். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து வைத்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தபோது வந்த பாஸ்போட்டுகள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று ஒப்பந்தம். அந்தப் பிறகு வந்தது 1974-ல். மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போட், தம்பிக்கு இலங்கைச் சான்றிதழ். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்த நீலநிறக் கடிதத் தாள்கள் அந்தப் பிரிவினையின் மறுபாதி. எல்லோருக்கும் குடியுரிமை என்ற சட்டம் 2003-ல்தான் வந்தது. அந்த 55 ஆண்டுகளை ஒரு வரிசையாக அடுக்கிக் காட்ட ஒரு சுவர் போதும்.

சங்கத் தலைவர்களின் படம் மாட்ட வேண்டுமா என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் சண்டை அங்கேதான் தொடங்கும். என் கருத்து இது: உயிரோடு இருப்பவர்களின் படம் வேண்டாம், எந்தக் கட்சியின் கொடியும் வேண்டாம். திறப்பு விழாவுக்கு மந்திரி வந்தால் தேத்தண்ணி கொடுங்கள், கல்வெட்டில் பெயர் பொறிக்காதீர்கள். கோ. நடேசய்யர் இருக்கட்டும், தோட்டத்துக்குள் சங்கம் என்ற சொல்லை 1931-ல் கொண்டுவந்தவர். அவர் பக்கத்தில் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் கட்டாயம் இருக்க வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் பாட்டுப் பாடி ஆட்களைத் திரட்டியவர் அவர். 1940 ஜனவரி 10-ல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டு விழுந்த தொழிலாளி கோவிந்தன் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் தோட்டத்து ஆட்கள்.

முதல் ஆளாகப் பெண்களைத் தேடுங்கள் என்று சொல்வேன். கங்காணி பெயர், கணக்கப்பிள்ளை பெயர், தலைவர் பெயர் எல்லாம் எல்லாருக்கும் தெரியும், ஆண்கள் பெயர். தோட்டத்தின் கொழுந்தில் பெரும்பங்கை எடுத்தது பெண்கள். பிள்ளைக் காம்பராவில் நூறு பிள்ளைகளைப் பார்த்த ஆயாம்மா யார்? ஆஸ்பத்திரிக்கு லொறி வராத இரவுகளில் பிள்ளை பெறப் பார்த்த கிழவி யார்? நினைவு வைத்திருக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு எண்பது வயதாகிறது. போனில் பதிவு செய்ய ஒரு பின்னேரம் போதும். திருவிழாவுக்கு வீடியோ எடுக்கிற பிள்ளைகள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு, அவர்களிடம் கொடுங்கள். கேள்வித்தாள் வேண்டாம். "உங்க அம்மா எந்த மலையில கொழுந்து எடுத்தாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி போதும், மற்றதெல்லாம் தானாக வரும். மலைகளுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர்களும் அப்போது வரும். கம்பனியின் வரைபடத்தில் அவை வெறும் இலக்கங்கள்.

உங்களுக்குப் பயிற்சி இல்லை என்று நினைக்காதீர்கள். தொழிற்சாலைப் பக்கத்தில் ரோதை முனிக்கு வைத்த கல்லையும், மலையில் கவ்வாத்துச் சாமிக்கு (தேயிலைச் செடி வெட்டும் வேலைக்கான சாமி) நட்ட கல்லையும் யார் இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டது? வேலையும் யந்திரமும் தெய்வமாக நிற்கும் அந்த இடங்களெல்லாம் நூதனசாலையின் வெளிப்பக்கம்தான். பூசைக்கு வருகிற ஆட்களே பார்வையாளர்கள். சம்பளத்தில் கோயில் பணம் பிடிக்கும் வழக்கம் உள்ள தோட்டங்களில் பணம்கூடப் பெரிய கேள்வி இல்லை. திருவிழா வாணவேடிக்கைச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கினால் கூரைத் தகரம் மாற்றலாம். வெடியைக் குறைக்கச் சொன்னால் தம்பிமார் கோபிப்பார்கள், தெரியும்.

வேறு நாட்டு உதாரணம் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துச் சிற்றூர்களில் ஊருக்கு ஊர் முன்னோடிகள் நூதனசாலை இருக்கிறது. பெரும்பாலானவற்றை நடத்துவது அந்த ஊர்த் தொண்டர்கள்தான். 1872-ம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து டொலர் கட்டிப் பதிந்து 160 ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். நம் ஆட்களுக்கு 7 பேர்ச் கிடைக்க எத்தனை ஆண்டு என்று யோசித்தால் வயிறெரியும், அதை விடுங்கள். ரயில் பாதை மூடி, பாடசாலை மூடி, ஊரே காலியாகும்போது அந்தப் பாடசாலைக் கட்டடத்தையோ ரயில் நிலையத்தையோ சேர்த்துப் பிடித்து, கலப்பையும் தையல் மெசினும் வைத்தார்கள். கோடையில் மட்டும் திறப்பார்கள். அவர்களுக்கு வந்த இரண்டு சிக்கல் நமக்கும் வரும்.

ஒன்று, தொண்டர்கள் கிழவர்களாகிவிட்டார்கள், பிள்ளைகள் பட்டணத்தில். சாமானின் கதை யார் தலையில் இருந்ததோ அவர் போனதும் சாமான் வெறும் இரும்பாகிவிடுகிறது. அதனால் ஒரு பதிவேடு வேண்டும். நூதனசாலைக்கு உயிர் அந்தப் பதிவேடுதான், கட்டடம் அல்ல. சி.ஆர். கொப்பி, தடித்த அட்டை போட்ட பயிற்சிப் புத்தகம், ஒன்று போதும். இலக்கம், சாமானின் பெயர், தந்தவர், யாருடைய சாமான், எந்தக் காலம், அவர் சொன்ன கதை அவர் சொன்ன மாதிரியே. சும்மா தந்தாரா, பார்க்க வைக்கத் தந்தாரா என்பதைக் கட்டாயம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தந்தவர் திருப்பிக் கேட்டால் முகம் கோணாமல் கொடுங்கள். பதிவேட்டின் பக்கங்களை மாதம் ஒருமுறை போனில் படமெடுத்து மூன்று பேரிடம் வைத்திருங்கள். சாமான்மேல் பெயின்ற் அடித்துப் புதுசாக்காதீர்கள், கைபட்டுத் தேய்ந்த பிடியில்தான் விஷயம் இருக்கிறது. காகிதத்தை லேமினேட் செய்யவே கூடாது. அழகாக இருக்கும், பிறகு பிரிக்க முடியாமல் உள்ளேயே கெடும். நம் மலையில் மூடுபனிக்கும் மழைக்கும் பூஞ்சணம் சும்மா விடாது. நிலத்திலும் சுவரிலும் படாமல், பொலித்தீனில் கட்டாமல், காற்றோட்டமாக வைத்து, வெயில் நாளில் கதவைத் திறந்துவிடுங்கள்.

மற்றது கொஞ்சம் கசப்பானது. வெறும் புல்வெளியை நாங்கள்தான் ஊராக்கினோம் என்று அந்த நூதனசாலைகள் நெடுங்காலம் கதை சொல்லின. அது வெறும் வெளியல்ல; கிறீ போன்ற முதற்குடியினரின் நிலம். இப்போதுதான் அங்கே பலர் அந்த அத்தியாயத்தையும் சேர்க்கிறார்கள். நாமும் காடு வெட்டிய கதையைச் சொல்வோம், சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் காட்டுக்கு முன்னால் என்ன இருந்தது? 1840-ம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் போட்டு, உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காணியெல்லாம் அரசாங்கக் காணி என்று சொல்லி எடுத்துத்தான் துரைமாருக்கு விற்றார்கள். கண்டிய விவசாயி காடெரித்துச் சேனைப் பயிர் செய்த, மாடு மேய்த்த மேட்டு நிலங்கள் அதில் போயின. நாம் பறித்தவர்கள் அல்ல. பறித்த நிலத்துக்கு நம்மைக் கொண்டுவந்தார்கள். இதை நம் சுவரில் நாமே எழுதினால், கீழ்க் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளையும் பார்க்க வரச் சொல்லலாம். விளக்கப் பலகை தமிழோடு சிங்களத்திலும் இருக்கட்டும். அந்தக் கிராமத்துப் பாடசாலை ஆசிரியர் ஒருவரிடமே மொழிபெயர்ப்புக்குக் கேளுங்கள். மறுக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நம்மால் முடியுமா என்ற கேள்விக்கு 2023-ல் பதில் கிடைத்தது. நம் ஆட்கள் இங்கே வந்த 200 ஆண்டு நினைவாக ஜூலை 28-ல் தலைமன்னாரில் புறப்பட்டு, ஆகஸ்ட் 12-ல் மாத்தளை வந்து சேரும் வரை ஆட்கள் நடந்தார்கள். அரசாங்கம் ஏற்பாடு செய்த நடையல்ல அது. வழிநெடுகக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பௌத்தப் பன்சாலையும் வரவேற்றன. நடை முடிந்தது, பதாகைகளைச் சுருட்டினோம், படங்கள் முகநூலில் கிடக்கின்றன. அந்தப் பதாகையில் ஒன்றாவது எந்தத் தோட்டத்திலாவது பத்திரமாக இருக்கிறதா?

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. அடுத்த திருவிழாக் கணக்குக் கூட்டத்தில் இதையும் ஒரு விஷயமாகப் போடுங்கள். கட்டடம் பிறகு வரட்டும். பதிவேட்டை அன்றைக்கே தொடங்கி, கோயில் அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். காம்பரா கேட்கும்போது வாய்ப் பேச்சை நம்பாதீர்கள். காணி அரசாங்கத்தினுடையது, 53 வருஷக் குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது. ஆகவே தோட்டத் துரையிடமும் பிரதேச செயலகத்திலும் இரண்டு இடத்திலும் கடிதம் கொடுத்து, கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். கடிதம் எழுதித் தர உங்கள் தோட்டத்திலேயே இப்போது பல்கலைக்கழகம் போன பிள்ளை ஒன்று இருக்கும். ஒருமுறை வான் பிடித்துக் கம்பளைக்குப் போய் அந்த நூதனசாலையைப் பார்த்துவிட்டு வாருங்கள். வயதானவர்களைக் கட்டாயம் கூட்டிப்போங்கள், முன் சீற்றைக் கொடுத்து.

பதிவேட்டில் முதல் பத்துச் சாமான் ஏறியதும் அதன் பிரதி ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்துக் கமிட்டிக்கு அனுப்புங்கள். போட்டிக்காவது அவர்களும் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
பெரட்டுக்களத்துக்கு மேலே, மூன்றாம் லயத்தில் பிறந்த ஒருத்தி